கடிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு

என்னிடம் நாய்க்குட்டி கேட்டு வருகிறவர்கள் இரண்டு வகை. போடி ஊருக்குள் புது வீடு கட்டிக் குடிபோனவர் "கடிக்குமா?" என்பார். கடிக்காது என்று நான் சொல்ல வேண்டும் அவருக்கு. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவரும் அதே "கடிக்குமா?"வைத்தான் கேட்பார். நல்லாக் கடிக்கும் என்று சொன்னால்தான் பையில் கை போகும். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: பல் இருக்கிற நாய் கடிக்கும். எப்போது, யாரை, எவ்வளவு ஆழமாக என்பதில்தான் நம் தொழில் இருக்கிறது.

தொழில் பழக வருகிற பையன்கள் இப்போது வேறொன்று கேட்கிறார்கள். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறின. கயிறும் இல்லை, வாய்ப்பூட்டும் இல்லை. அதிலிருந்து போடி டீக்கடை பெஞ்சில்கூட இதே வழக்கு: குத்தம் நாய்ச் சாதி மேலயா, வளர்க்கிறவன் மேலயா? மலையிலும் அடிவாரத்திலும் காவல் நாய் பழக்கியே வயதானவன் என்பதால் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். தீர்ப்பு ஒரு வரியில் வராது. குட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

போடியிலிருந்து தேவாரம் வழியாகப் போனால் கோம்பை. செவலை உடம்பு, கரிய வாய், அகலத் தாடை, பாதி மடிந்த காது என்று ஊர்ப் பெயரையே இனப் பெயராக வைத்திருக்கும் நாய் அங்கேதான். பன்றி வேட்டைக்கு நின்ற நாய். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பக்கத்துக்காரர். நாங்கள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம், சொந்தம் கிடையாது. அவர் நாயைத் தேடிப் போகமாட்டார். நாய் தானாக வந்து மோந்து பார்க்கிற தூரத்தில் பக்கவாட்டாக உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். கண்ணுக்கு நேராகப் பார்க்கமாட்டார். கை தொங்கிக் கிடக்கும். நாய் அந்தக் கையை மோந்து, நக்கி, சலித்து, பக்கத்திலேயே படுத்த பிறகுதான் தாடைக்குக் கீழே மெல்லச் சொறிவார். தலைக்கு மேலே கை கொண்டுபோவது அவருக்கு ஆகாது. "மேல இருந்து வர்ற கை அடிக்க வர்ற கைடா" என்பார். பாதி நாள் இப்படி உட்கார்ந்தே போகும். பார்க்கிறவனுக்குச் சும்மா இருக்கிற மாதிரித் தெரியும். பழக வருகிற பையன்கள் முதலில் ஓடிப்போவது இந்தச் சும்மா இருத்தலைத் தாங்காமல்தான்.

குட்டி தேர்ந்தெடுக்கிறதில் ஊரில் ஆயிரம் வித்தை சொல்வார்கள். வாலைப் பிடித்துத் தூக்கு, கத்தாத குட்டி வீரம் என்பார்கள். காதைப் பிடித்துத் தூக்கு என்பார்கள். பெரியப்பா எவர்சில்வர் தட்டு ஒன்று வைத்திருந்தார். ஈத்துக் குட்டிகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் தள்ளி அதை நழுவவிடுவார். எல்லாக் குட்டியும் சிதறி ஓடும், அதில் தப்பில்லை. எது முதலில் திரும்பி வந்து தட்டை மோந்து பார்க்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். கடைசிவரை மூலையிலேயே ஒண்டிக்கொண்டிருக்கும் குட்டியைக் காவலுக்குக் கொடுக்கவே கூடாது. வாங்குகிறவருக்கு அந்தக் குட்டிதான் பிடிக்கும், சாதுவாக இருக்கிறது என்று தூக்கிக்கொள்வார். வளர்ந்த பிறகு நெருங்குகிற ஆளையெல்லாம் முந்திக்கொண்டு கடிப்பது அதுவாகத்தான் இருக்கும். பயத்தில் கடிக்கும் நாயைத் திருத்துவதுபோல் கஷ்டம் இந்தத் தொழிலில் வேறில்லை.

அந்தத் தட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ராஜபாளையம் நாயின் வெள்ளைக்கு ஆசைப்பட்டு நெருங்கின ரத்தத்திலேயே சேர்த்துச் சேர்த்து, பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் அந்த இனத்தில் விழுகின்றன. கூடப்பிறந்தவை ஓடும்போது செவிட்டுக் குட்டியும் அவற்றைப் பார்த்து ஓடும், கண்டுபிடிக்க முடியாது. அது தனியாகத் தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாத தூரத்தில் தட்டைத் தட்ட வேண்டும். காது மடல்கூட அசையவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். அந்தக் குட்டியை ஒன்றும் சொல்லாமல் விற்றுவிட்டால், ஒரு நாள் தூங்கும்போது வீட்டுப் பிள்ளை போய்த் தொடும். திடுக்கிட்டு எழுந்து கடிக்கும். ராஜபாளையம் பொல்லாதது என்று ஊர் சொல்லும், வளர்த்தவர் சரியில்லை என்று பக்கத்து வீடு சொல்லும். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் சேர்த்துவைத்துக் காசு பார்த்தவன் பெயரை யாரும் எடுக்கமாட்டார்கள்.

விற்கிறவனுக்கு இன்னொரு பங்கும் இருக்கிறது. குட்டி தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கிற நாட்களில்தான் கடியின் அளவைக் கற்கிறது. ஒன்றையொன்று கடித்து உருளும்போது, ஒன்று வீல் என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். இவ்வளவு அழுத்தினால் விளையாட்டுப் போய்விடும் என்று மற்றது தெரிந்துகொள்ளும். தாயும் ஓர் உறுமலில் அதையே சொல்லிக்கொடுக்கும். மனிதனால் முழுசாகச் சொல்லித்தர முடியாத பாடம் இது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளில் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று இருக்கிறது. நடப்பது என்ன? கண் திறந்து நடை பழகியதும், முப்பது நாளில், அட்டைப் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். நம்மூர் நாய்க்குப் பெருமைதான். ஆனால் தேவை ஏறினால் விற்கிறவனுக்குப் பொறுமை இறங்கும். அளவு தெரியாத வாயோடு குட்டிகள் ஊர் ஊராகப் போயின.

எட்டு வாரத்துக்கு மேலே நம் வேலை. மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதை உலகத்தின் வழக்கம் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் பார்ப்பதெல்லாம் அதற்கு அந்நியம். தடுப்பூசி முழுக்கப் போடாத காலம் என்பதால் தெருநாய்களோடு விடக்கூடாது, பார்வோ வந்தால் இரண்டு நாளில் போய்விடும். அதற்காகக் கூண்டில் போட்டு மூடவும் கூடாது. தோளில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஏலத்தோட்டத்துக்குப் போகப்போகிற குட்டியை நான் சாயங்காலம் காய் எடை போடுகிற இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காய் எடுக்கிற பெண்கள் மூட்டையைச் சாய்ப்பார்கள், கங்காணி சத்தம் போடுவார், ஜீப்புகள் உறுமும், மழைக்குக் கொங்காணி போட்ட உருவங்கள் கடந்து போகும். இதெல்லாம் அதன் மூக்கிலும் காதிலும் ஏற வேண்டும். பகலில் ஐம்பது பேர் வந்துபோகும் தோட்டத்தில் ராத்திரி வருகிற ஒருத்தனை மட்டும் அது கண்டுபிடிக்க வேண்டும். முகத்தை வைத்து அல்ல. நேரத்தையும் இடத்தையும் வைத்து. மிளகாயைக் கொடுத்து, இருட்டறையில் அடைத்துப் போட்டு வெறியேற்றுகிற ஆட்கள் இதை ஒருநாளும் சாதித்ததில்லை. அவர்கள் வளர்த்த நாய் திருடனையும் கடிக்கும், ரேஷன் அரிசி வாங்கி வருகிற கங்காணி பெண்டாட்டியையும் கடிக்கும்.

உறுமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு பழகிய பையன் ஒருவன், சோற்றுத் தட்டுப் பக்கம் போனதும் உறுமிய நாயைக் குச்சியால் சாத்தினான். பெரியப்பா குச்சியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார். "அது பேசுதுடா, பேசுற வாயை ஏண்டா அடைக்கிற?" என்றார். அன்றிலிருந்து அந்தப் பையன் தினமும் சாயங்காலம் அந்தத் தட்டுக்குப் பத்தடி தள்ளி உட்கார வேண்டும், அங்கிருந்து கருவாட்டுத் தலையைத் தட்டில் எறிய வேண்டும். பத்தடி எட்டாகி, ஐந்தாகி, கடைசியில் அவன் கையாலேயே தட்டில் போடுகிற நாளும் வந்தது. நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது. ஆள் வந்தால் சோறு போய்விடும் என்று நினைத்திருந்த நாய், ஆள் வந்தால் கூடக் கிடைக்கும் என்று மாற்றி நினைத்துக்கொண்டது. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை மட்டும்தான் விடும். அடுத்த முறை பிடரி சிலிர்க்காமல், பல் காட்டாமல், நேராகக் கடிக்கும். "ஒண்ணுமே பண்ணலை, சும்மா நின்ன நாய் கடிச்சிருச்சு" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இதற்கு முன்னால் உறுமியபோது என்ன செய்தீர்கள் என்றுதான். வாலை ஒட்ட வெட்டிய நாயிடமும் இதே சிக்கல். அது மனதில் என்ன இருக்கிறது என்று சொல்ல அதற்கு வாலே இல்லை.

இனி மலைக்கு வருவோம். போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் பல தோட்டங்களின் முதலாளி கீழே போடியில் இருப்பார். நாய் மலையில் இருக்கும். பணம் கொடுத்தவர் முதலாளி. சோறு போடுகிறவர் வாட்ச்மேன். அந்த வாட்ச்மேன் ஒரு சீசன் இருப்பார், அடுத்த சீசன் ஜார்க்கண்டிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்த புதுப்பையன் இருப்பான். அவனுக்கு நாய் என்றால் பயம், நாய்க்கு அவன் பேச்சு புரியாது. தூரத்திலிருந்து சோற்றை விட்டெறிவான். சங்கிலியை அவிழ்க்க மாட்டான். வளர்க்கிறவன் மேல் குற்றம் என்று பட்டணத்தில் பேசுகிறவர்கள், மலையில் அந்த வளர்க்கிறவன் யார் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. காய் எடுக்க வந்த அம்மாவின் கெண்டைக்காலைக் கோம்பைக் கடுவன் ஒன்று பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, "கோம்பை ரத்தமில்லண்ணே, சும்மா இருக்குமா?" என்றார். குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது. நான் நாயைப் பார்க்கப் போனேன். குட்டியாக இருக்கும்போது மாட்டிய கழுத்துப் பட்டையை யாரும் தளர்த்தவில்லை, தோல் அறுத்துப் புண்ணாகியிருந்தது. முன்னங்கால் விரலிடுக்கில் அட்டை கடித்த ரணம். சங்கிலி ஒரு ஆள் நீளம்கூட இல்லை. அது நடந்து நடந்து தேய்த்த அரைவட்டத்தில் புல்லே முளைக்கவில்லை. அந்த அம்மா தூக்குவாளியை மறந்துவிட்டு, எல்லாரும் ஜீப்பில் ஏறிய பிறகு, கொங்காணியோடு தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். மழை இருட்டு. அந்த நாய்க்கு அந்த நேரத்தில் அப்படி ஓர் உருவம் வந்து பழக்கமில்லை. பின்வாங்கச் சங்கிலியில் இடமும் இல்லை. அதே ஈத்தில் பிறந்த பொட்டை ஒன்று போடியில் ஒரு சந்தில் கிடக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். ரத்தம் ஒன்றுதான்.

பட்டையை மாற்றி, புண்ணை ஆற்றி, இரண்டு மரத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் முறுக்காத சங்கிலியை மாட்டினேன். ராத்திரி வேலிக்குள் அவிழ்த்துவிடச் சொன்னேன். ஒரே இடத்தில் கட்டிப்போட்டு நடமாட விடாமல் வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். அதை முதலாளியிடம் சொன்னபோதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் இனத்துக்குப் பங்கே கிடையாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தப் பேச்சையும் நான் நம்புவதில்லை. சிப்பிப்பாறை முயல் பிடித்த நாய். மிரண்டால் வெடுக்கென்று கவ்விவிட்டு ஓடும். கோம்பை பிடித்தால் தொங்கும், பன்றியை அப்படிப் பிடிக்கத்தான் தலைமுறை தலைமுறையாக அதைப் பொறுக்கி எடுத்தார்கள். பிட்புல்லைச் சண்டைக்கென்றே பொறுக்கினார்கள், பிடித்ததை விடாத நாயாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். ராட்வைலர் ஜெர்மனியில் மாடு ஓட்டிய நாய்தான், ஆனால் கடுவன் ஐம்பது கிலோ நிற்கும். கடி தொடங்குவது பெரும்பாலும் வளர்ப்பில். தொடங்கிய கடி எங்கே போய் முடியும் என்பதில் இனம் பேசும். தேனியில் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர், 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆராய்ச்சி ஒன்றைச் சொன்னார். பதினெட்டாயிரம் நாய்களுக்கு மேல் விவரம் சேர்த்துப் பார்த்ததில், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு ஒன்பது சதவீதம் அளவுதானாம். இருக்கட்டும், நானும் கையால் கண்டது அதுதான். ஆனால் அந்தக் கணக்கில் தாடையின் பலம் வரவில்லையே, டாக்டர் என்றேன். சிரித்தார்.

லக்னோவில் 2022இல் ஒரு பிட்புல், தான் வளர்ந்த வீட்டு மூதாட்டியையே கொன்றது. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாஃபர்கான்பேட்டையில் இன்னொரு பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார், தடுக்கப் போன வளர்த்தவருக்கும் காயம். அந்த நாய்களை நான் பார்த்ததில்லை, எப்படிப் பழக்கினார்கள் என்று பேச எனக்கு உரிமையில்லை. இது மட்டும் தெரியும்: வேறு சிறு நாயாக இருந்திருந்தால் அவர்கள் தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்.

2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வைலர், பிட்புல் உட்பட 23 இனங்களைப் பட்டியலிட்டு, இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்குத் தடை போடச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எழுதியது என்று அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. பட்டியலில் கோம்பை இல்லை என்று இங்கே சிலருக்குச் சந்தோஷம். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பட்டியலில் இல்லாதது சாது என்று நினைத்து மூன்றாம் மாடி வீட்டுக்குக் கோம்பை கேட்டு வந்தார்கள்.

மலையில் பெரிய நாய்கள் ஏறிய கதைக்கு ஏலக்காய் விலையும் ஒரு காரணம். 2018 வெள்ளத்தில் செடி அழிந்து, அடுத்த கோடையும் காய்ந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பச்சைக் காயைச் சரத்தோடு அறுத்துக்கொண்டு போகும் திருட்டுக்குப் பயந்து, என்னிடம் கோம்பை கேட்டவர்களெல்லாம் "இதைவிடப் பெருசா இல்லையா?" என்றார்கள். இல்லை என்றதும் வெளியூரிலிருந்து ராட்வைலர் வாங்கினார்கள். விலை இறங்கியது. தீனிச் செலவு இறங்கவில்லை. சில தோட்டங்களில் அந்த நாய்களுக்கு வெறும் சோறும் குட்டைச் சங்கிலியும் மிஞ்சின. அவிழ்க்கப் பயந்து கூண்டுக்குள்ளேயே கழுவிவிடுகிற நிலைமை. தன்னால் கயிற்றில் பிடித்து நிறுத்த முடியாத எடையுள்ள நாயை எவரும் வாங்கக் கூடாது. என் மனைவி பிடித்து நிறுத்த முடியாத நாயை என் வீட்டிலும் வைத்ததில்லை.

தொழிலுக்கு வருகிறவர்கள் கடி வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினால் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கை வலித்தாலும் கழுவ வேண்டும். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் ஊசியையும் கேட்டு வாங்க வேண்டும். மூன்று, ஏழு, இருபத்தெட்டு என்று அவர்கள் சொல்லும் நாட்களுக்கு மறுபடி போய்விட வேண்டும். வெறிநோய் வந்தால் திரும்பி வருவது இல்லை. இதில் ஊசி போட்ட நாய், போடாத நாய், தெரிந்த நாய் என்று பார்க்காதீர்கள்.

அதோடு, நாயை அஜாக்கிரதையாக வைத்து ஆளுக்கு ஆபத்து வந்தால் இப்போதைய நியாயச் சட்டம் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம். சட்டம் 'வைத்திருக்கிறவர்' என்கிறது. வழக்கு வந்தால் முதலாளி போடியிலிருந்து வருவாரா, அஸ்ஸாம் பையன் நிற்பானா என்பதை யோசித்துத்தான் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்.

போன சீசனுக்கு முன்னால் ஒரு தோட்டக்காரர் போன் செய்தார். "அண்ணே, டிரைவரை அனுப்புறேன், குட்டியைக் குடுத்துவிடுங்க, காசு ஜீபேல போட்டுவிடுறேன்."

"டிரைவர் வேண்டாம் தம்பி. சோறு போடப்போறது யாரு, அவரை அனுப்புங்க."

"வாட்ச்மேன்ணே. அவன் வந்துட்டா காட்டை யாரு பாக்குறது?"

"அப்ப நீங்க ரெண்டு நாள் மேல போய்ப் பாருங்க."

கொஞ்ச நேரம் போனில் பேச்சில்லை. பிறகு வாட்ச்மேனும் அவர் பெண்டாட்டியும் வந்தார்கள். மொழி எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. என் வீட்டுத் திண்ணையிலேயே தங்கவைத்தேன். முதல் நாள் அவர் குட்டியைத் தொடவில்லை, நான் தொடவும் விடவில்லை. பக்கவாட்டாக உட்கார்ந்து பீடி பிடித்தார். மறுநாள் காலையில் கேப்பைக் களியை அவர் கையிலேயே கொடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னேன். பட்டையை இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு விட்டு மாட்டுவதை அவர் பெண்டாட்டி சட்டென்று பிடித்துக்கொண்டார். குட்டி வளர வளர மாதம் ஒருமுறை அந்த இரண்டு விரலை விட்டுப் பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு என்று முதலாளிக்குப் போன் போட்டே சொல்லிவிட்டேன். அவர்கள் வேலையை விட்டுப் போகிற அன்று நாயோடு கீழே வந்து, அடுத்து வருகிற ஆளோடு இதே திண்ணையில் இரண்டு நாள் இருந்து கைமாற்ற வேண்டும். அந்த இரண்டு நாள் சம்பளம் முதலாளியுடையது. இதற்குச் சம்மதிக்காத ஆளுக்கு நான் குட்டி கொடுப்பதில்லை, கோம்பையானாலும் சரி, சும்மா தெருக்குட்டியானாலும் சரி.